காற்சட்டைப் பொக்கற்றில் மாவா சரை: பள்ளிக்கூடத்துக்குச் சொல்லவா, முதலில் அவனோடு கதைக்கவா?

தையல்காரி_கோண்டாவில் எழுதியது:

மூன்று நாளாக யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். சொந்தப் பெயரைப் போட மனம் வரவில்லை, குறை நினைக்காதீர்கள்.

மூத்தவன் பத்தாம் ஆண்டு. வருகிற வருடம் ஓ.எல். சோதினை. சனிக்கிழமை உடுப்பு ஊறப்போட முதல் வழக்கம்போலப் பொக்கற்றுகளைத் தட்டிப் பார்த்தேன். பஸ் ரிக்கற், பேனை மூடி, ரியூசன் காசுத் துண்டு. இவற்றோடு றப்பர் பாண்ட் சுற்றிய ஒரு சின்னப் பொலித்தீன் சரை. மண்ணிறத் தூள், இடையிடையே பாக்குச் சீவல். மணந்து பார்த்தேன். ஐஸ்கிறீம் எசன்ஸ் வாசம். அதற்கடியில் என் அம்மாவின் வெற்றிலைத் தட்டத்தில் வரும் அதே புகையிலை நெடி. மாவா, பாக்கும் புகையிலையும் கலந்து வாயில் போடும் போதைத் தூள். 'மாவாவுடன் ஒருவர் கைது' என்று பேப்பரில் வாசித்திருக்கிறேனே தவிர, கண்ணால் கண்டது அன்றுதான்.

அதன் பிறகுதான் ஒவ்வொன்றாக ஞாபகம் வருகிறது. போன மாதம் ஒடியல் கூழ் காய்ச்சினேன். நண்டு, றால், பயித்தங்காய், பலாக்கொட்டை எல்லாம் போட்டு. கூழ் என்றால் பிளாவைக் கீழே வைக்காத பிள்ளை இரண்டு மிடறு குடித்துவிட்டு "வாய் எரியுதம்மா" என்று எழும்பிவிட்டான். வாய்ப்புண்ணாக்கும் என்று விற்றமின் குளிசை வாங்கிக் கொடுத்தேன். செத்தல் மிளகாய்ச் சம்பலைத் தொட்டே இரண்டு மாதம் இருக்கும். எனக்கு அப்போது விளங்கவில்லை.

அவனுடைய ஒரு நாளைச் சொல்கிறேன். நாலேமுக்காலுக்கு எழும்புவான். ஐந்தரைக்குக் கணித வகுப்பு. அங்கிருந்து நேரே பள்ளிக்கூடம். காலைச் சாப்பாடு என்று ஒன்று கிடையாது, இடைவேளைக்கு ஒரு றோல்ஸ். பின்னேரம் இரண்டரையிலிருந்து ஆறு வரை மறுபடியும் ரியூசன். இரவு படிப்பா போனா தெரியாது, பன்னிரண்டரைக்கும் அறையில் வெளிச்சம் தெரியும். வார இறுதியில் சித்தப்பாவின் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கே.கே.எஸ். வீதியில் போகிறான். லைசன்ஸ் எடுக்கும் வயது இல்லை, ஹெல்மெற் கண்ணாடியில் தொங்கும். இதையெல்லாம் தெரிந்தும் விட்டு வைத்திருந்தேன். கெட்டிக்காரப் பிள்ளை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள்.

அவர் கட்டாரில். போனில் சொன்னால் அங்கே கிடந்து அந்தரப்படுவார், இன்னும் சொல்லவில்லை. வீட்டில் நானும் அம்மாவும் சின்னவளும்தான்.

இன்னொன்று. நான் எந்த முகத்தோடு அவனுக்கு நியாயம் கதைப்பது? என் அப்பா புத்தூரில் புகையிலைத் தோட்டம் செய்தவர். புகையிலைக்குத் தண்ணீர் மாறிய கால் என்னுடையது. புகைக் குடிலுக்குப் பொச்சுமட்டை சுமந்திருக்கிறேன். இந்த வீட்டின் அத்திவாரமே புகையிலைக் காசு. அம்மா இன்றைக்கும் விறாந்தையில் இருந்து வெற்றிலை இடிக்கிறா, சின்ன வயதில் உரலில் இடித்துக் கொடுத்ததும் இவன்தான்.

சரையைத் தையல் மெசின் லாச்சிக்குள் போட்டுப் பூட்டியிருக்கிறேன். அவன் தேடுகிறான், கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அதிபரிடம் போகவா? பொலிசுக்குச் சொன்னால் விற்கிறவனைப் பிடிப்பார்களா, இவனைப் பிடிப்பார்களா? இல்லாவிட்டால் நானே கதைக்கவா? கதைக்கிறதென்றால் எப்படித் தொடங்குவது?

கந்தர்மடத்தான் எழுதியது:

எங்கட காலத்தில் என்றால் பூவரசங் கம்பால் இரண்டு விழும், எல்லாம் சரிவரும். போனையும் பறியுங்கோ அக்கா. பிள்ளைகளுக்கு இப்ப பயம் இல்லை, அதுதான் வருத்தம்.

பல்லும்_சொல்லும் எழுதியது:

மேலே உள்ள தம்பி சொன்ன பூவரசங் கம்பை இப்போதைக்கு மரத்திலேயே விடுங்கள். அடி வாங்கிய பிள்ளை அடுத்த சரையைக் காற்சட்டையில் வைக்க மாட்டான், அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் பல் வைத்தியராக இருபத்தைந்து வருடத்துக்கு மேல் வேலை செய்தவள். தங்கச்சி, நீங்கள் எழுதியதில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது சரை இல்லை, கூழ். உறைப்புப் பட்டால் எரிகிறது என்று பாக்குப் போடும் ஒருவர் சொன்னால் அதை நாங்கள் சும்மா விடமாட்டோம். கன்னத்தின் உட்தோலுக்குக் கீழே நார் படியத் தொடங்கும்போது முதலில் வரும் அறிகுறிகளில் இந்த எரிவு ஒன்று. சப்மியூக்கஸ் பைப்ரோசிஸ் என்போம். உடனே பயந்து அழ வேண்டாம், எரிவுக்கு வேறு காரணங்களும் உண்டு, பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ஆனால் தள்ளிப்போட வேண்டாம்.

வீட்டில் ஒரு சின்னச் சோதனை செய்யலாம். அவனுடைய சொந்த மூன்று விரல்களை, சுட்டுவிரலும் நடுவிரலும் மோதிரவிரலும், ஒன்றின் மேல் ஒன்றாக நெட்டாக வைத்து மேல் முன்பல்லுக்கும் கீழ் முன்பல்லுக்கும் நடுவே போகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். போகாவிட்டால், அல்லது முந்திப் போனது இப்போது இறுகுகிறது என்றால், அந்தக் கிழமையே காட்ட வேண்டும். கன்னத்தின் உட்பக்கம் வெளிறிப்போய், தடவினால் கயிறு மாதிரித் தட்டுப்படுகிறதா என்பதையும் நாங்கள் பார்ப்போம். நார் படிந்தது பழையபடி முழுதாகக் கரைந்து போகாது. அதனால்தான் சொல்கிறேன், இந்த வயதில் நிற்பாட்டினால் அது முற்றாமல் காக்கலாம். முற்றவிட்டால் சோற்றுக் கவளம் வைக்க வாய் திறக்காது. அந்த இடம் புற்றாக மாறும் ஆபத்தும் கூட.

"புகையிலை இல்லை டொக்டர், வெறும் பாக்குத்தான்" என்று எத்தனை பேர் என்னிடம் சொல்லியிருப்பார்கள்! வெறும் பாக்கும் போதும். உலக சுகாதார நிறுவனத்தின் கீழுள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004 இல் வெளியிட்ட தொகுதியில் பாக்கையே தனியாக, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதலாம் பிரிவில் சேர்த்தது. இலங்கையில் ஆண்களுக்கு மிகக் கூடுதலாக வருவது வாய்ப் புற்றுநோய்தான். பாக்கில் அரிக்கோலின் என்று ஒரு சாமான் இருக்கிறது, அது உடம்பை உசுப்பிவிடும், நித்திரையை விரட்டும், பழக்கமும் ஆக்கும். மாவாவில் அதோடு புகையிலையும் சுண்ணாம்பும் சேருகிறது. சுண்ணாம்பு சேர்ந்தால் நிக்கொட்டின் வாய்த்தோலால் கெதியாக உள்ளே போகும். அம்மம்மாவின் தட்டத்தில் தனித்தனியாக இருப்பதை எசன்ஸ் போட்டுக் கலந்து சரை கட்டியிருக்கிறான், வேறொன்றுமில்லை. (அம்மாவின் வாயையும் ஒருநாள் காட்டுங்கள். பகிடிக்குச் சொல்லவில்லை.)

இப்போது உங்கள் பிள்ளையின் மணிக்கூட்டைப் பாருங்கள். பன்னிரண்டரையிலிருந்து நாலேமுக்கால் வரை நாலேகால் மணித்தியாலம். இந்த வயதுக்கு எட்டிலிருந்து பத்து மணித்தியால நித்திரை வேண்டும். வெறும் வயிற்றோடு, நித்திரை இல்லாமல், ஐந்தரை மணிக்குக் கணிதம். அந்தப் பிள்ளைக்கு யாரோ ஒரு துண்டு நீட்டி "இதைப் போடு மச்சான், முழிப்பு வரும்" என்றால் வாங்காமல் என்ன செய்வான்? இனிக் கதைக்கும்போது "போடுறியா?" என்று தொடங்காதீர்கள். அதற்கு "இல்லை" என்ற ஒரு மறுமொழிதான் உண்டு. "எப்ப இருந்து வாய் எரியுது?" என்று தொடங்குங்கள்.

கிட்ட உள்ள அரசாங்க ஆஸ்பத்திரியின் பல் பகுதிக்குக் கூட்டிப் போங்கள், தேவையென்றால் அவர்கள் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் வாய், முகச் சத்திரசிகிச்சைப் பிரிவுக்குத் துண்டு தருவார்கள். காசு இல்லை. பொலிசைக் கூப்பிட மாட்டார்கள். டொக்டரோடு தனியாகக் கதைக்க ஐந்து நிமிடம் விடுங்கள், நீங்கள் வாங்கில் இருங்கள்.

ரீச்சர்_ஓய்வில் எழுதியது:

டொக்டர் சொன்ன மணிக்கூட்டு விசயத்தைப் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன்.

பதின்வயதுப் பிள்ளைகளின் சுகாதாரத்தை அளக்கிறவர்கள் ஒரு பழக்கத்தை மட்டும் தனியாக எடுத்துக் கேட்பதில்லை. அமெரிக்காவில் 1991 இலிருந்து இரண்டு வருடத்துக்கு ஒருமுறை உயர்பள்ளி மாணவரிடம் இப்படி ஒரு ஆய்வு எடுக்கிறார்கள். புகை, குடி, போதை, சாப்பாடு, உடற்பயிற்சி, சண்டை, வாகனப் பாதுகாப்பு எல்லாம் ஒரே தாளில். இங்கேயும் உலக சுகாதார நிறுவனத்தின் பாடசாலை மாணவர் சுகாதார ஆய்வு 2008 இலும் 2016 இலும் நடந்தது, 2016 இல் 13 முதல் 17 வயதுப் பிள்ளைகளிடம் எடுத்தார்கள். அதிலும் பசியிலிருந்து தனிமை வரை கேள்விகள். பெயர் எழுதத் தேவையில்லை.

அந்தப் பெயரில்லாத விசயம் எனக்குப் பிடித்துப்போய், வகுப்பாசிரியையாக இருந்த கடைசி வருடம் நானும் சின்னத் துண்டு கொடுத்தேன். காலையில் என்ன சாப்பிட்டாய், எத்தனை மணிக்குப் படுத்தாய், வாயில் ஏதாவது போடுகிறாயா, வீட்டில் யாரோடு மனம்விட்டுக் கதைப்பாய். பெட்டியில் போட்டார்கள். வீட்டுக்குக் கொண்டுபோய் மேசையில் பரப்பி வைத்து வாசித்துவிட்டு அன்றிரவு எனக்கு நித்திரை இல்லை. 'வாயில் போடுகிறேன்' என்று எழுதிய துண்டுகளில் அநேகமாக எல்லாவற்றிலும் காலைச் சாப்பாட்டுக்கு நேரே 'இல்லை' என்றுதான் இருந்தது. கடைசிக் கேள்விக்கு ஒருவன் 'நாய்' என்று எழுதியிருந்தான். கையெழுத்து எனக்குத் தெரியும். கடைசிவரை தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

தங்கச்சி, பள்ளிக்கூடத்துக்குச் சொல்வதில் எனக்குக் கொஞ்சம் தயக்கம் இருக்கிறது, ஆசிரியையாக இருந்தும் சொல்கிறேன். நல்ல அதிபர் என்றால் பிள்ளையைக் காப்பார். வேறு மாதிரி என்றால் காலைக் கூட்டத்தில் பெயர் வாசிக்கப்படும், விடுகைப் பத்திரத்தைக் கையில் கொடுத்து 'வேற பள்ளிக்கூடம் பாருங்கோ' என்பார்கள். அப்படி அனுப்பப்பட்ட பிள்ளைகளை நான் பிறகு சந்தியில்தான் கண்டேன். அதனால் நேரே அதிபரிடம் போகாமல், வழிகாட்டல் ஆலோசனை செய்யும் ஆசிரியர் யார் என்று விசாரித்து, அவர் எப்படிப்பட்டவர் என்றும் விசாரித்து, பிறகு போங்கள். அதுவும் பிள்ளைக்குத் தெரியாமல் அல்ல.

விற்கிறவன் வேறு கதை. 21 வயதுக்குக் கீழே உள்ளவருக்குப் புகையிலைப் பொருள் விற்பது 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். மெல்லும் புகையிலைப் பொருட்களுக்கு 2016 இல் தனியாகத் தடையும் வந்தது. உங்கள் பகுதி பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கடையைச் சொல்லலாம், பிள்ளையின் பெயரைச் சொல்லத் தேவையில்லை. ஆலோசனைக்கு 1926 இருக்கிறது, தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம். சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்கு 1929.

அந்த ஐந்தரை மணி வகுப்பு கட்டாயமா? இதைக் கேட்டால் ரியூட்டரிக்காரர் என்னோடு சண்டைக்கு வருவார்கள். வரட்டும்.

சுன்னாகம்_சந்தி எழுதியது:

வணக்கம் அக்கா. எனக்கு இப்ப 22. போன் திருத்தும் கடையில் நிற்கிறேன். நானும் பத்தாம் ஆண்டில்தான் தொடங்கினேன், அதனால் எழுதலாம் என்று நினைக்கிறேன்.

எங்களை யாரும் கெடுக்கவில்லை. ரியூசன் இடைவேளையில் ஒரு அண்ணை வாங்கிக்கொண்டு வருவார், நாலு பேர் பிரித்துப் போடுவோம். முதல்நாள் தலை சுற்றிச் சத்தி எடுத்தேன். எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்காகவே இரண்டாம் நாளும் போட்டேன். றோல்ஸ் காசு அதுக்குப் போகும். போட்டால் பசி தெரியாது, அதனால் காசு மிச்சம் மாதிரியும் இருக்கும். சிகரெட் என்றால் மணக்கும், அம்மா பிடிப்பா. இதைக் கன்னத்துக்குள் அதக்கிக்கொண்டு வகுப்பில் முன்வாங்கிலேயே இருக்கலாம். ஒரு சேர் 'ஏன்டா வாய் திறந்து சொல்ல மாட்டாயோ' என்று கேட்டார். திறந்தால் தெரிந்துவிடும், அதுதான் சொல்லவில்லை.

அப்பா கண்டுபிடித்து பெல்ட்டால் அடித்தார். அதற்குப் பிறகு இரண்டு வருடம் போட்டேன். அவர் அடிக்கவில்லை என்றால் விட்டிருப்பேனோ தெரியாது, ஆனால் அடித்ததால் விடவில்லை.

விட்டது ஏ.எல். முடிந்த பிறகு. முதல் மூன்று நாள் சரியான கஷ்டம். தலையிடி, எரிச்சல், தங்கச்சியோடு சும்மா சண்டை. யாராவது எனக்கு 'இது மூன்று நாள்தான் உச்சம், பிறகு இறங்கும்' என்று முதலே சொல்லியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். ஆசை வந்தால் ஐந்து பத்து நிமிடத்தில் போய்விடும், அந்த நேரத்துக்கு வாயில் ஏதாவது இருக்க வேண்டும். நான் வறுத்த கச்சானை வைத்திருந்தேன், பொக்கற் முழுக்கக் கச்சான் தோல். இரண்டு தரம் திரும்பவும் போட்டேன். மூன்றாம் தரம்தான் நின்றது. அவன் ஒருக்கால் திரும்பப் போட்டால் 'நீ திருந்த மாட்டாய்' என்று சொல்லிப்போடாதேங்கோ.

அவனோட கூட்டாளிகளைத் திட்ட வேண்டாம். அவனுக்கு வேற ஆட்கள் இல்லை. ஸ்கூட்டிக்கு மட்டும் திறப்பை வாங்கி வையுங்கோ, அதில் கதைக்க ஒன்றுமில்லை.

தையல்காரி_கோண்டாவில் எழுதியது (பதினாறு நாள் கழித்து):

எல்லோருக்கும் நன்றி. கந்தர்மடத்தாருக்கும்தான், கோபத்தில் நானும் கம்பைத் தேடினேன், பொய் சொல்லக் கூடாது.

திட்டம் போட்டுக் கதைக்கவில்லை. ஒரு இரவு கரண்ட் போனது. விறாந்தையில் மெழுகுதிரியோடு இருந்தோம், முகம் வடிவாகத் தெரியாது. "தம்பி, எப்ப இருந்து வாய் எரியுது?" என்றேன். கனநேரம் பேச்சில்லை. பிறகு "தவணைச் சோதினைக்கு முதல்" என்றான். பிறகு அவனாகவே, "லாச்சிக்குள்ளதானே வச்சிருக்கிறீங்கள்? மெசின் லாச்சி ஒருநாளும் பூட்டி இருக்கிறேல்ல" என்றான். இத்தனை நாளும் நான்தான் அவனுக்கு ஒளித்தேன் என்று நினைத்தால், அவனும் எனக்கு ஒளித்துக்கொண்டிருந்திருக்கிறான்.

தாத்தாவின் தோட்டத்தைப் பற்றிச் சொன்னேன். சாப்பாட்டுக்கு வேறு வழி இருக்கவில்லை, விற்றோம், அது மற்றவன் வாயில் என்ன செய்தது என்று நாங்கள் யோசிக்கவே இல்லை என்றேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. அம்மா இருட்டுக்குள் இருந்து, "அப்ப நான் என்ன சாகப் போறனோ?" என்று கேட்டா. மூன்று பேரும் சிரித்துவிட்டோம்.

விரல் சோதனையில் இரண்டு விரல் தாராளமாகப் போனது, மூன்றாவது நெரிந்தது. அடுத்த நாளே வகுப்பை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். டொக்டர் சொன்னபடி நான் வெளியே வாங்கில் இருந்தேன். கால் மணித்தியாலம் உள்ளே. என்ன கதைத்தார்கள் என்று கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. ஆரம்ப நிலை, நிற்பாட்டினால் நல்லது, மாதம் ஒருமுறை வரவேண்டும் என்று என்னிடம் சொன்னார்கள். பெரியாஸ்பத்திரிக்குத் துண்டும் தந்திருக்கிறார்கள். அம்மாவும் வந்தா, அவவின் வாயும் பார்த்தார்கள், இப்போதைக்குப் பயப்பட ஒன்றுமில்லையாம். "புகையிலையை விடுறன், வெத்திலையை விடேலாது" என்று டொக்டரோடு பேரம் பேசினா. பாக்கைப் பற்றி அவர் ஐந்து நிமிடம் விளங்கப்படுத்தினார். வீட்டுக்கு வந்து தட்டத்தைத் தூக்கிச் சாமியறைக்குப் பின்னால் வைத்திருக்கிறா. எத்தனை நாளைக்கோ.

ஐந்தரை மணி வகுப்பை நிற்பாட்டிவிட்டேன். ரியூட்டரியில் 'கணிதத்தில் ஏ எடுக்கிற பிள்ளை, யோசியுங்கோ' என்றார்கள். யோசித்துவிட்டேன். ஆறு மணிக்கு எழும்புகிறான், புட்டும் முட்டைப் பொரியலும் சாப்பிட்டுவிட்டுப் போகிறான். அவருக்கும் சொல்லிவிட்டேன். போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை, பிறகு "அவனிட்டக் குடு" என்றார், இருவரும் கிரிக்கெட்தான் கதைத்தார்கள். ஸ்கூட்டித் திறப்பு சித்தப்பாவிடம் திரும்பிப் போய்விட்டது. அதற்கு மட்டும் இரண்டு நாள் முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்தான்.

போன வியாழன் திரும்பவும் போட்டிருக்கிறான். பின்னேரம் வந்து சப்பாத்தைக் கழற்றும்போதே, "அம்மா, இண்டைக்கு ஒருக்காப் போட்டிட்டன்" என்றான். சுன்னாகத்துத் தம்பி எழுதியிருக்காவிட்டால் நான் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. "சரி, கை கழுவிப்போட்டு வந்து சாப்பிடு" என்றேன். கச்சான் அரைக் கிலோ வாங்கி வைத்திருக்கிறேன், தோல் வீடு முழுக்கக் கிடக்கிறது.

சம்பல் இன்னும் அவனுக்கு எரிகிறது. வருகிற மாதம் கிளினிக். போய்வந்து எழுதுகிறேன்.